இருபத்தோராவது சீர்த்தட்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. ஊருக்குப் போவதற்கு ஒரு பட்டியல், திரும்பி வருவதற்கு ஒரு பட்டியல், இந்த இரண்டையும் எந்தப் பையில் வைத்தேன் என்பதற்கு இன்னொன்று. பட்டியல் போடுகிறவர்கள் தவறு செய்ய மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது பொய். நாங்களும் தவறு செய்வோம். எழுதி, அடிக்கோடிட்டு, கதவில் ஒட்டிவைத்துச் செய்வோம்.

இது என் அண்ணன் சரவணனின் நிச்சயதார்த்தத்தன்று நடந்தது. அப்போது நான் இரண்டாம் வருட ஆராய்ச்சி மாணவி. என்ன ஆராய்ச்சி என்று கேட்பவர்களுக்கு மூன்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். பேராசிரியர்கள் கேட்டால்: கொய்யா பழுக்கும்போது எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, அதனால் பழத்தின் இனிப்பும் மணமும் சத்தும் எப்படி மாறுகின்றன, அந்தப் பழத்தைத் தின்னும் சர்க்கரை நோயுள்ள சுண்டெலியின் ஈரலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. சொந்தக்காரர்கள் கேட்டால்: கொய்யாப்பழ ஆராய்ச்சி. அத்தை கேட்டால்: "படிக்கிறேன் அத்தை."

(அத்தையின் மறுமொழி எப்போதும் ஒன்றுதான். "இன்னுமா?")

அந்தச் சமயத்தில் என் ஆராய்ச்சியின் தலையெழுத்து பன்னிரண்டு கொய்யாக்களில் அடங்கியிருந்தது. பக்கத்து ஊரான புதுவயலில் அரிசி ஆலைகளைத் தாண்டி ஒரு தோப்பு. பிஞ்சிலேயே ஒவ்வொரு காய்க்கும் பை கட்டி, ஆலைத் தூசி படாமல், அணில் கடிக்காமல் காப்பாற்றி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பறித்தேன். ஒவ்வொரு காம்பிலும் சிவப்பு நூலில் ஒரு சின்ன அட்டை: ஜி-1 முதல் ஜி-12 வரை. முதல் மூன்றை அன்றே ஆய்வகத்தில் நறுக்கி உறையவைத்தாயிற்று. மீதி ஒன்பதை இருபது டிகிரியில் வைத்திருந்து, மூன்றாம் நாள் மூன்று, ஆறாம் நாள் மூன்று, ஒன்பதாம் நாள் மூன்று என்று எடுக்க வேண்டும். எந்த நாள் பழம் உசத்தி என்று தெரிந்தால்தான் எலிகளுக்கு எதைக் கொடுப்பது என்று தீர்மானிக்கலாம். தோப்பில் அந்தப் பருவம் முடிந்துவிட்டது. இந்த ஒன்பதும் போனால் அடுத்த காய்ப்பு வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அடுத்த மாதமோ ஆய்வுக் குழுவின் முன்னால் நான் முடிவுகளோடு நின்றாக வேண்டும்.

அன்று மதியம் ஆய்வகத்தின் குளிர்பெட்டி நின்றுபோனது. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவாராம். காரைக்குடி வெயிலில் இருபது டிகிரிக்கு எங்கே போவேன்? எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஏசி அறை இருக்கிறது. அண்ணனுடைய அறை. அங்கேதான், பூவும் பலகாரமும் வாடாமல் இருக்கட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கான இருபத்தொரு சீர்த்தட்டுகளுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

சீர்த்தட்டுகளுக்குப் பொறுப்பு நான். ஆகவே வியாழக்கிழமையே அந்த அறைக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தேன்: "கவனிக்கவும். இந்த அறையில் உள்ள தட்டுகள் அனைத்தும் சாக்கோட்டைப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியவை. ஒன்றைக்கூட விடக் கூடாது." (கீழே கையெழுத்தும் போட்டிருந்தேன்.)

வெள்ளிக்கிழமை மாலை, என் ஒன்பது கொய்யாக்களை அம்மாவின் எவர்சில்வர் தட்டு ஒன்றில் அடுக்கி, துளை போட்ட கண்ணாடித்தாள் சுற்றி, நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு வெப்பப் பதிவுக் கருவியை வைத்து, அதே அறையின் மூலையில் வைத்தேன். அந்தக் கருவி இரவும் பகலும் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். அவ்வப்போது பச்சையாக ஒரு கண் சிமிட்டும். "இதை யாரும் தொடக் கூடாது" என்று அண்ணனிடம் விளக்கினேன். அவன் போனில் கார்த்திகாவிடம், அதாவது வருங்கால அண்ணியிடம், பேசியபடியே தலையாட்டினான். கதவிலிருந்த அறிவிப்பைத் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் பட்டியலில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் வேன் நிற்கிறது. நான் மாடியில் வாயில் நான்கு ஹேர்பின்களைக் கடித்துக்கொண்டு கண்ணாடி முன் நிற்கிறேன். கீழேயிருந்து அத்தையின் குரல்.

"அடியே நித்யா! லட்டுத் தட்டு பூராம் எறும்புடி!"

"வெளிய எடுத்து வச்சிருங்க அத்தை!"

"வச்சா இருபதுல்ல ஆகுது? இரட்டைப்படையிலயா சீர் தூக்கிட்டுப் போறது? சம்பந்தி வீட்டுல சிரிக்க மாட்டாக?"

"கதவுல எழுதி ஒட்டியிருக்கேன்ல, அதப் படிங்க அத்தை! அந்த ரூம்ல ஒரு தட்டக்கூட விடாதீக!"

அண்ணன் அறைக் கதவு திறக்கும் சத்தம். பிறகு நிம்மதியான குரல்: "ஆங், மூலையில ஒண்ணு இருக்கு. சரியா இருபத்தொண்ணு!"

நான் பட்டியலில் 'சீர்த்தட்டு – 21' என்பதற்கு எதிரே டிக் அடித்தேன். அழகான டிக். இப்போதும் அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது.

வேனில் ஏறியதும் அத்தை பட்டுத்துணி மூடிய ஒரு தட்டை என் மடியில் வைத்தார். "நாத்தனா நீதான் பழத்தட்டுத் தூக்கணும். கவனமாப் பிடி." பெருமையாகப் பிடித்துக்கொண்டேன். வேனுக்குள் வெயில் கொதித்தது. துணிக்கடியிலிருந்து கம்மென்று கொய்யா வாசனை.

"அத்தை, நல்ல பழமாப் பாத்து வாங்கியிருக்கீக. இந்த வாசன வருதுன்னா சரியான பதத்துல பறிச்சிருக்காகன்னு அர்த்தம்," என்றேன், துறை நிபுணர் என்ற முறையில்.

"ஆமாத்தா," என்றார் அத்தை, என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டே.

சாக்கோட்டையில் பெண் வீட்டு முகப்பிலிருந்து கூடம் வரைக்கும் புன்னகை மாறாமல் நடந்தேன். வீடியோவில் நான் வருகிற இடம் அது ஒன்றுதான். ஜமுக்காளத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தோம். கார்த்திகாவின் அம்மா வந்து என் தட்டின் பட்டுத்துணியை எடுத்தார்.

சிவப்பு நூல். சின்ன அட்டை. ஜி-4, ஜி-5, ஜி-6... நடுவிலிருந்து பச்சைக் கண் ஒன்று என்னைப் பார்த்துச் சிமிட்டியது.

நான் நிதானமான பெண் என்று பெயரெடுத்தவள். புகைப்படங்களில் என் முகம் மாறவே இல்லை. வாய் மட்டும் திறந்திருக்கிறது. மெல்ல நகர்ந்து அத்தையின் காதருகே போனேன்.

"அத்தை, இது என் பழம்."

"எல்லாம் நம்ம பழந்தான்."

"இல்ல அத்தை, ஆராய்ச்சிப் பழம். இதத் திருப்பி எடுத்தாகணும்."

அத்தை திரும்பவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது. "சபையில வச்ச சீரத் திருப்பி எடுக்குறதா? உங்கண்ணனுக்குக் கல்யாணம் நடக்கணுமா, வேணாமா?"

"யாரு இத எடுத்து வரச் சொன்னது?"

"நீதான். எழுதி ஒட்டிருந்தியே. கையெழுத்து வேற."

ஒரு பக்கம் அண்ணன் கல்யாணம். இன்னொரு பக்கம் ஒன்பது கொய்யா. சபை கலையும் வரை தட்டுக்குப் பக்கத்தில் காவல் உட்காருவது என்று முடிவு செய்தேன். உட்கார்ந்ததும் பெண் வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஒவ்வொண்ணுக்கும் நூலுகட்டி, எம்புட்டு நேர்த்தி! நாத்தனா வேலையா?"

"ஆமாங்க."

"நடுவுல என்னமோ மினுக்குதே?"

"அது... சூடு எவ்வளவுன்னு பாக்குறது."

"ஏன், யாருக்குக் காய்ச்சல்?"

அதற்குள் புகைப்படக்காரர் வந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே பழத்தைக் கடிக்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமாம். என் கண்ணெதிரே ஜி-9ஐ எடுத்துக் கொடுத்தார். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஒரு கடி கடித்தான். (காதல் ஞாபகசக்தியைப் பாதிக்கிறது. இதை நிரூபிக்க எலிகள் தேவையில்லை.) தடுக்கப் பாய்ந்த என் கை பட்டு ஜி-11 தரையில் உருண்டது. "கீழ விழுந்தத மனுசருக்குக் குடுக்கப்படாது," என்று கார்த்திகாவின் அம்மா அதைக் கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பசுவுக்குக் கொடுத்தார். அட்டையோடு.

இரண்டு போயிற்று, ஏழு மீதி என்று எண்ணி முடிப்பதற்குள் கார்த்திகாவின் பெரியப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். மைசூர்பாகு, அதிரசம் எல்லாத் தட்டுகளையும் ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் தட்டில் கண்ணை நிறுத்தினார்.

"சக்கரைக்காரன் நமக்கு இதுதான் விதி. கொய்யா திங்கலாம்னு டாக்டர் சொல்லிருக்காக."

ஜி-6ஐ எடுத்தார். கடித்தார்.

"ஐயோ மாமா, அதத் திங்காதீக!"

நான்தான் கத்தினேன். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மிக்சர் மென்றுகொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"ஏம்மா? பழத்துல என்ன இருக்கு?" என்றார் கார்த்திகாவின் அப்பா.

"ஒண்ணுமில்ல மாமா, நல்ல பழம்தான். ஆனா... அது எலிக்கு."

('இந்தப் பழங்களில் எந்த நாள் பழம் சிறந்தது என்று கண்டறிந்த பிறகு, அதுபோன்ற பழங்களை ஆய்வக எலிகளுக்குக் கொடுக்க உள்ளோம்' என்பதுதான் சரியான வாக்கியம். அது எனக்குத் திரும்பி வரும்போது வேனில் கிடைத்தது.)

கார்த்திகாவின் அப்பா எழுந்துவிட்டார். "எலிக்கு வச்ச பழத்தையா எங்களுக்குச் சீராக் கொண்டாந்தீக?"

எங்கள் அப்பா துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. அத்தை பிள்ளையாரைக் கூப்பிட்டார். அண்ணன், கையில் பாதி ஜி-9ஐ வைத்துக்கொண்டு, எனக்குத் தங்கையே இல்லை என்கிற முகத்தோடு நின்றான்.

"நீ சும்மா இருப்பா," என்றார் பெரியப்பா தன் தம்பியிடம். வாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது. என் பக்கம் திரும்பினார். "அந்த எலிக்கு என்னம்மா செய்யுது?"

"சக்கரை மாமா."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "சாப்பிடுறதுக்கு முன்னாடி பாக்குறதா, பின்னாடியா?"

"ரெண்டும் பாப்போம்."

"மாத்திர?"

"சில எலிக்குக் குடுப்போம்."

"நடக்கச் சொல்லுவீகளா?"

"கூண்டுல ஒரு சக்கரம் இருக்கும் மாமா. அதுல ஓடும்."

பெரியப்பா பெருமூச்சு விட்டார். "கேட்டுக்கிட்டீகளாப்பா? ஊசி, மாத்திர, ஓட்டம். நம்ம பொழப்பு அப்புடியே இருக்கு. ஒரே ஒரு வித்தியாசம். அது திங்கையில யாரும் 'ஐயோ மாமா'ன்னு கத்துறதில்ல."

படம் முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போயிருந்த உள்ளறையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கார்த்திகா. நிச்சயப் புடவையில் இருக்கிற பெண் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று யாரோ அடக்கப் பார்த்தார்கள். அடக்கப் போனவரும் சிரித்தார். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது. கார்த்திகாவின் அப்பா கொஞ்ச நேரம் முறைப்பாக நின்று பார்த்தார், முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன்: தோப்பு, பை, அட்டை, குளிர்பெட்டி, கதவு. பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

"குடுத்த சீர நீங்க திருப்பி எடுக்கப்படாது. சரிதான். நாங்க குடுக்கலாம்ல? தட்ட வெறுந்தட்டாவா திருப்பி அனுப்புவாக?"

அப்படித்தான் மிச்சமிருந்த ஆறு கொய்யாக்களும் எதிர்ச்சீராக என்னிடமே திரும்பி வந்தன. ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமும். ஆறு இரட்டைப்படை என்பதால் கூட ஓர் ஆரஞ்சு. ஜி-6இன் அட்டையை மட்டும் பெரியப்பா தரவில்லை. "இது எனக்கு" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை என் நெறியாளர் மேடம் முழுக் கதையையும் கேட்டார். "குங்குமத்தத் தொடச்சிட்டு வேலையப் பாரு," என்றார். ஆறு பழங்களை வைத்து மூன்றாம் நாள், ஒன்பதாம் நாள் இரண்டையும் எப்படியோ தேற்றினேன். நடுவிலே ஆறாம் நாள் என்று ஒன்று என் ஆராய்ச்சியில் விடியவே இல்லை.

ஆய்வுக் குழுவின் முன்னால் வெப்பப் பதிவின் வரைபடத்தைக் காட்டினேன். இருபது டிகிரியில் கோடு தண்டவாளம் மாதிரி நேராகப் போகிறது. திடீரென்று ஒரு மலை. பிறகு மறுபடியும் தண்டவாளம்.

"இது என்ன மேடு?" என்று கேட்டார் குழுவில் ஒருவர்.

'போக்குவரத்தின்போது ஏற்பட்ட வெப்ப மாறுபாடு' என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மேடம் என்னையே பார்த்தார். "உண்மையச் சொல்லும்மா."

"எங்க அண்ணனோட நிச்சயதார்த்தம் சார்."

முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டே அந்தக் குழு உறுப்பினர் கேட்டார்: கடைக்கு வருகிற கொய்யா எல்லாமே வெயிலில் வண்டியேறித்தானே வருகிறது, அந்த மலையில் பழத்துக்குள் என்ன நடக்கிறது என்று ஏன் பார்க்கக் கூடாது? அடுத்த காய்ப்பில் அதையும் செய்தேன். கொய்யாக்களை வேனில் ஏற்றி, வேண்டுமென்றே சாக்கோட்டை வரை கூட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அதுதான். (அந்த முறை கதவில் எதுவும் ஒட்டவில்லை.)

பெரியப்பா இப்போதும் போன் செய்தால் "ஜி-6 பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். மாதாமாதம் தன் ரத்தப் பரிசோதனை முடிவை எனக்கு அனுப்பி, "எலிக்கு எம்புட்டு?" என்று கேட்பார். எலியைவிடக் குறைவு என்றால் அன்றைக்கு அவர் வீட்டில் கொண்டாட்டம். அண்ணனும் அண்ணியும் சண்டை போட்டால், நிச்சயப் படத்துக்குப் பங்குபோட்ட அந்தப் பழத்தை வைத்து, யார் உண்மையான ஜி-9 என்பதில்தான் முடியும். அத்தை என் அறிவிப்பைக் கதவிலிருந்து கிழியாமல் உரித்து, மடித்து, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். வீட்டில் என்ன தப்பு நடந்தாலும் அது சாட்சிக்கு வெளியே வரும்.

போன மாதம் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எல்லோரும் மருத்துவமனையில் கட்டிலைச் சுற்றி நின்றோம். குழந்தையின் கையில், மருத்துவமனை வழக்கப்படி, எண் எழுதிய ஒரு பட்டை.

"பன்னெண்டோட நிறுத்திட்டியேன்னு நெனச்சேன்," என்றார் பெரியப்பா என்னிடம். "ஜி-13 வந்துருச்சு."

அத்தை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து அந்தப் பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இதையும் நீதான் கட்டுனியா?"

இல்லை என்றேன். யாரும் நம்பவில்லை.