செம்பியனின் முடியவே முடியாத மீட்டிங்

மனைவியிடம் உண்மையைச் சொல்வதில்லை என்று செம்பியன் முடிவெடுத்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தான். பெரிய முடிவுகளை எல்லாம் வாய் நிறைய நுரையோடு எடுப்பதுதான் அவன் வழக்கம். யாராவது குறுக்குக் கேள்வி கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை பாருங்கள்.

உண்மை இதுதான். காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. அடுத்தது வரவில்லை.

செம்பியன் ஃப்ரீலான்ஸ் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது தொழில். குறை கண்டுபிடிக்கக் காசு தரும் கம்பெனிகள் உலகத்தில் இருக்கின்றன என்பதை மட்டும் அவன் மனைவி அனுப்பிரியாவிடம் விளக்கமாகச் சொன்னதே இல்லை. சொன்னால் வீட்டுக்குள்ளேயே போட்டி வந்துவிடும்.

ஃப்ரீலான்ஸ்காரனுக்கு இரண்டு காண்ட்ராக்டுக்கு நடுவே இடைவெளி வருவது சகஜம். ஒரு வாரம் வந்தால் அதற்கு ஓய்வு என்று பேர். ஒரு மாதம் வந்தால் 'புதுசா ஏதாவது கத்துக்கலாம்' என்று பேர். செம்பியனின் இடைவெளி மாசியில் ஆரம்பித்து வைகாசியைத் தொட்டுவிட்டது. அதற்கு என்ன பேர் என்று அவன் குடியிருக்கும் திருப்பாப்புலியூரில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள்.

பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறீர்களா? அங்கேதான் மாமனார் வருகிறார்.

மாமனார் வைத்திலிங்கத்துக்குச் சிதம்பரத்தில் வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், ஜமக்காளம், பிளாஸ்டிக் நாற்காலி. வைகாசி வந்தால் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வண்டி ஓடும், ஆள்தான் கிடைக்காது. "மாப்ள சும்மா இருந்தா இங்க அனுப்பி வையிம்மா" என்று மகளிடம் நிரந்தரமாகச் சொல்லி வைத்திருந்தார். போன வருஷம் செம்பியன் வெறும் மரியாதைக்காகக் கடையில் போய் உட்கார்ந்தான். கல்யாண வீட்டுக்காரர் ஒருவர் தோளைத் தட்டி, "தம்பி, அந்த அண்டாவுக்கு ஒரு கை குடு" என்றார். கொடுத்த கையை மறுபடி தோளுக்கு மேலே தூக்க ஒரு வாரம் பிடித்தது. வைகாசி வெயிலில் ஏசி ரூமை விட்டுவிட்டு அண்டா தூக்குவதா? கன்சல்டன்ட் செம்பியனா?

ஆகவே ஒரு திட்டம் போட்டான். பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவன், டீம் லீடையும் கூட வைத்துக்கொண்டு, ஆன்லைனில் பாடம் நடத்தியிருந்தான். எல்லாம் ரெக்கார்டிங்காக லேப்டாப்பில் கிடந்தது. காலை டிபன் முடிந்ததும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துவான். ஏசியைப் போடுவான். ரெக்கார்டிங்கை ஓடவிடுவான். கட்டிலில் விழுவான். கதவுக்கு வெளியே கேட்பவர்களுக்கு உள்ளே செம்பியன் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவது கேட்கும். உள்ளே செம்பியன் குறட்டை விடுவதை அவனுடைய குரலே அமுக்கிவிடும்.

"மீட்டிங் நேரத்துல என்னா ஆனாலும் கதவத் தட்டாத அனு. வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாக்கூட."

"சரி மாமா. ஃபயர் சர்வீசுக்கு மட்டும் சொல்லிடறேன்."

அனுப்பிரியா எம்.எஸ்ஸி. கணக்கு. கல்யாணத்துக்கு முன்னால் டீச்சராக இருந்தவள். தினமும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து காய் நறுக்குவாள். எதிர்வீட்டுப் பட்டம்மாளும் வந்து உட்காருவார். பட்டம்மாள் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவை மேற்பார்வை பார்ப்பதிலிருந்து மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

ஒருநாள் செம்பியன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தான். பட்டம்மாள் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஸ்ரீதருன்னு ஒருத்தரு மீட்டிங்ல வர்றாரே. அவரு யாரு?"

"அவருதாங்க்கா எங்க டீம் லீடு."

"எப்ப பாத்தாலும் அவரு மைக்கு மூடியே கெடக்குது. நீயும் தெனம் 'ஸ்ரீதர், யூ ஆர் ஆன் ம்யூட்'னு சொல்ற. அவரும் தெனம் 'சாரி, சாரி'ங்கறாரு. ஒரு மனுசன் இத்தினி நாளாவா திருந்தாம இருப்பாரு?"

செம்பியன் அவசரமாக, "பெரிய பதவிக்கா. ஞாபக மறதி ஜாஸ்தி" என்றான்.

"பாவம்" என்றாள் அனுப்பிரியா, வெண்டைக்காயைப் பார்த்தபடி. "ஏன் மாமா, லாகின் பேஜ்ல தப்பான பாஸ்வேர்டு போட்டுப் பாக்கணும்னு சொன்னீங்களே, ஒண்ணுமே போடாமயும் பாக்கணுமா?"

செம்பியன் பூரித்துப்போனான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனுடைய தொழிலைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி. பயம் பறந்தது. சோபாவில் சாய்ந்து அரைமணி நேரம் விளக்கினான். அவள் இன்னொன்று கேட்டாள். அதையும் விளக்கினான். மறுநாள் இன்னும் கஷ்டமான கேள்வி. கம்பெனியில்கூட அவனை இப்படி யாரும் மதித்துக் கேட்டதில்லை.

"இன்னிக்கு என்னா மீட்டிங் மாமா? அந்த ஷாப்பிங் கார்ட் பத்தி ஒருநாள் பேசுனீங்களே. நல்லாருந்துச்சி. பாதி கேக்கறதுக்குள்ள பால் பொங்கிடுச்சி."

"அதத்தான் இன்னிக்கும் பேசப் போறோம்" என்றான் செம்பியன். பெண்டாட்டி ஆசைப்பட்டதைப் போட்டுக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

ஒருநாள் மீட்டிங்கின் நடுவே கரண்டு போயிற்று. ஏசி நின்றது. லேப்டாப் பேட்டரியில் ரெக்கார்டிங் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேர்த்து விறுவிறுத்து எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, செம்பியன் கதவைத் திறந்தான்.

அனுப்பிரியா எதிரிலேயே நின்றாள். "கரண்டு இல்ல, வைஃபை இல்ல. மீட்டிங் மட்டும் எப்பிடி மாமா நடக்குது?"

இந்த மாதிரி நேரத்தில்தான் செம்பியனின் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்யும். "ஹாட்ஸ்பாட்! என் ஃபோன்லேர்ந்து நெட்டு எடுத்துக்குவேன்."

"ஓ" என்றாள் அனுப்பிரியா. கையிலிருந்ததை நீட்டினாள். "இந்தாங்க உங்க ஃபோன். சமையக்கட்டுல சார்ஜ் போட்டிருந்தீங்க. பேட்டரிதான் நிக்காதே, கரண்டு போனதுலேர்ந்து ஆஃபாயிக் கெடக்குது."

செம்பியன் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சமாளித்துவிட்ட பெருமையோடு மோர் குடிக்கப் போனான். அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. தொழில் என்னவோ டெஸ்டர்.

அந்த வாரமே அனுப்பிரியா அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். சீரியல் பார்க்க அவனுடைய பழைய லேப்டாப்பையும் கேட்டாள். செம்பியன் தானே பையில் வைத்துக் கொடுத்துச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். திரும்பி வரும்போது சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு கொண்டுவந்தாள். எத்தனை நல்ல மனைவி என்று நினைத்தபோது, அவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று செம்பியனுக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்பட்டது. கொத்சு தீர்ந்ததும் கஷ்டமும் தீர்ந்தது.

திங்கட்கிழமை. இட்லியை முடித்துவிட்டு வழக்கம்போல மீட்டிங்குக்குப் போனான். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே ஏசி ஓடும் சத்தம். கதவில் காதை வைத்தான்.

"ஸ்ரீதர் சார், யூ ஆர் ஆன் ம்யூட்."

சொன்னது செம்பியன் குரல் இல்லை. அனுப்பிரியாவின் குரல்.

"சாரி, சாரி" என்றார் ஸ்ரீதர்.

செம்பியன் தட்டலாமா என்று கையை ஓங்கினான். மீட்டிங் நேரத்தில் தட்டக்கூடாது என்று சட்டம் போட்டவன் அவன்தான். ஓங்கிய கையை இறக்கிவிட்டு, வெண்டைக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"அனு, என்னா இது?"

"காண்ட்ராக்ட் மாமா. இன்னிலேர்ந்துதான்."

"உனக்கு எப்பிடி ஸ்ரீதரத் தெரியும்?"

"அன்னிக்குக் கரண்டு போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி உங்க ஃபோன்ல கூப்புட்டாரு. 'செம்பியன் இருக்காரா? புது காண்ட்ராக்ட் வந்திருக்குது, அவரால வர முடியுமா'ன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"மீட்டிங்ல இருக்காருன்னேன். யாரு கூடன்னு கேட்டாரு. நான் கதவுல காத வச்சிப் பாத்துட்டு, 'உங்க கூடத்தான் சார்'னேன்."

செம்பியன் வெண்டைக்காய்க் கூடையை நகர்த்திவிட்டு எழுந்தான்.

"அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல மாமா. நான்கூட மறுபடியும் மைக்க மூடிட்டாரோன்னு நெனச்சேன்."

"என்ன எழுப்பியிருக்கலாமே அனு! அது எனக்கு வந்த வேலை!"

"வீடு பத்தி எரிஞ்சாலும் தட்டாதன்னது யாரு? உங்க மானம் போவக்கூடாதுன்னு, 'அவருக்கு வேற எடத்துல வேலை ஜாஸ்தி சார்'னு சமாளிச்சேன். அப்ப இந்த வேலை தெரிஞ்சவங்க வேற யாராவது இருக்காங்களான்னு கேட்டாரு. எனக்குத் தெரியும்னேன்."

"பரிட்சை வச்சிருப்பாங்களே?"

"வச்சாங்க. அப்பா கடை மாடியில உக்காந்து எழுதுனேன். எல்லாம் நீங்க நடத்துனதுதான். மாமா, நீங்க தூங்கறப்ப எவ்ளோ நல்லா சொல்லிக் குடுக்கறீங்க தெரியுமா?"

கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று செம்பியனுக்குத் தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பட்டுப் பார்த்தான். எதுவும் முழுசாக வரவில்லை. அதற்குள் வாசலில் ஹாரன் அடித்தது.

"அப்பா வண்டி அனுப்பிட்டாரு" என்றாள் அனுப்பிரியா. "பழைய சட்டையா போட்டுக்கிட்டுப் போங்க. கரி ஒட்டும்."

அந்த முகூர்த்தத்தில் சிதம்பரத்தில் எந்த மண்டபத்துக்குப் போயிருந்தாலும் நீங்கள் செம்பியனைப் பார்த்திருக்கலாம். சாம்பார் அண்டாவின் ஒரு காது அவன் கையில் இருந்திருக்கும். மாமனார் சந்தோஷமாகத்தான் இருந்தார். "மாப்ள நல்லா கொறை கண்டுபுடிக்கறாரு" என்று எல்லாரிடமும் சொன்னார். திரும்பி வரும் பாத்திரத்தில் எது நசுங்கியிருக்கிறது, எது அடுத்த கடையுடையது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறானாம்.

சாயங்காலம் செம்பியன் கை கழுவிக்கொண்டு அனுப்பிரியாவை அழைத்தான். மூன்றாவது தடவைதான் எடுத்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க மாமா. மீட்டிங்ல இருக்கேன்."

"அனு... தோள்பட்ட கழண்டுடும் போலருக்குது. நீ சொன்னா ஸ்ரீதர் கேப்பாரு. என்னையும் எப்பிடியாவது..."

"அடடா, நானே சொல்லணும்னு இருந்தேன். இன்னொரு டெஸ்டரும் அவசரமா வேணும்னு இன்னிக்குக் காலையிலதான் கேட்டாரு."

செம்பியன் நிமிர்ந்தான். தோள் வலி சட்டென்று குறைந்தமாதிரி இருந்தது. "யாரச் சொன்ன?"

"பட்டம்மாள் அக்கா வர்ற திங்கக்கெழமை ஜாயின் பண்றாங்க."