நிவாரண அதிகாரிக்குக் கோழிக் குழம்பு

அரசாங்கம் வலிய வந்து கொடுக்க இருந்த பணத்தை, வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கோழிக் குழம்பு வைத்து நானே விரட்டியடித்தேன். மலேசியாவில் இந்தச் சாதனையைச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எழுபதுகளின் கடைசி. சித்தியவான் பக்கம் இருந்த நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை முதலாளி துண்டு போட்டு விற்ற பிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் ஈப்போவுக்குப் போய்விட்டார்கள். அம்மாவும் தங்கையும் அங்கேயே சிலிபின் பக்கம் போனார்கள். நான் மட்டும், "காய்கறி போட்டுக் காட்டுறேன் பாருங்க" என்று வீராப்பாகத் தங்கிவிட்டேன். (இருபத்து மூன்று வயதில் உரம் போடாமல் விளைவது வீராப்பு ஒன்றுதான்.) அத்தனை பெரிய லயத்தில் என் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. பேச ஆளில்லாமல் சேவலோடு பேசிக்கொண்டிருந்தேன். அதுவும் சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்தது. செடி, உரமூட்டை, கோழிகள் எல்லாம் போயின. கூரையேறிய சேவல் மட்டும் பிழைத்தது. நான் மேட்டில் மாடு வளர்த்த முத்தையா அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். தண்ணீர் வடிந்ததும் நிவாரணத்துக்கு மனுப் போட்டேன். பணம் வந்தால் மறுபடி நடலாம். வராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை அதிகாரி சேதம் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. முத்தையா அண்ணன் தெளிவாகச் சொன்னார்: "ஆபீசர் துவான் வாராருலா. சேத்த அள்ளாத. செவுத்துல தண்ணி நின்ன கோடு அப்படியே இருக்கட்டும்."

"சரிண்ணே" என்றேன்.

சரி என்றவன் புதன்கிழமை என்ன செய்தேன்? அந்த வாசலில் யாரும் வந்து செருப்பைக் கழற்றி நாலு மாதம் ஆகியிருந்தது. வீடு தேடி ஒருவர் வரும்போது சேற்றையா காட்டுவது? அம்மா கேட்டால் காறித் துப்பமாட்டாளா? எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். கை சும்மா இருக்கவில்லை, பாத்திகளையும் கொத்தி நேராக்கினேன். முத்தையா அண்ணனிடம் கத்தரிக்காய் கேட்டு வாங்கினேன். மறுநாள் காலையில் சேவலையும் அறுத்தேன். (அதற்கு வெள்ளமே தேவலாம்.)

அதிகாரி நம்மவர்தான், நாற்பது வயதிருக்கும். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வீடு மாறி வந்துட்டேனா தம்பி? வெள்ளம் வந்தது இங்கதானா?"

"இங்கதான் சார். மொதல்ல சாப்பிடுங்க."

இலையில் உட்கார்ந்தவர், "கத்திரிக்கா நல்ல பிஞ்சா இருக்குலா. உங்க தோட்டமா?" என்றார்.

இரவல் காயை விருந்தாளிக்குப் போட்டேன் என்று எப்படிச் சொல்வது?

"ஆமா சார், நம்ம தோட்டந்தான்!"

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: சேதம் ஏதும் இல்லை. கீழே இருந்த தன் மரவள்ளியைச் சேற்றோடு விட்டிருந்த முத்தையா அண்ணனுக்குப் பணம் வந்தது. நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஈப்போ புந்தோங்கில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனேன்.

இன்றும் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நான் விளக்குமாற்றை எடுத்தால், "போதும்லா, ரொம்பக் கூட்டாதீங்க, வர்ற காசும் போயிரும்!" என்பாள் மனைவி. பேரப்பிள்ளைகள்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. அந்த மனுசன் நல்லவர். சாப்பிட்டுக்கொண்டே ஃபைலை இடது கையால் திறந்து வைத்து, "என்னதான் போச்சுன்னு வாயத் தொறந்து சொல்லுங்க தம்பி, எழுதிக்கிறேன்" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. சொன்னால் எழுதிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

"இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா சார்?" என்றேன்.