யார் மனமும் நோகாமல்

கொய்னா மருந்துச் சீசா வீட்டுக்குள் இருக்கும்வரை முனி வாசற்படி ஏறமாட்டார் என்று பக்கத்து வீட்டுச் சன்னாசி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உடையப்பன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனை மிஞ்ச சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் ஆள் கிடையாது.

அவன் மனைவி முத்தம்மா மூன்று நாளாகக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். காலையில்தான் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் அந்த மருந்தைக் கொடுத்து, ஒரு வேளை தவறினாலும் ஆள் தங்காது என்று எச்சரித்துவிட்டு ஈப்போவுக்கு ரயிலேறினார். இனி சனிக்கிழமைதான் வருவார்.

“அந்தக் கசப்பையே குடுய்யா,” என்றாள் முத்தம்மா.

“இரு புள்ள. சன்னாசிண்ணே மனசு சங்கடப்படும்.”

சன்னாசியிடம் அத்தாட்சி இருந்தது. “போன மாசம் நான் சாகக் கெடந்தேன்லா. கொய்னாவ நாக்குல வைக்கல. முனிக்குப் படைச்ச வேப்பந்தண்ணி மட்டுந்தான். அஞ்சாம் நாளே பால் வெட்டப் போயிட்டேன்.”

லயத்து வீட்டு ஜனமெல்லாம் கண்ணால் பார்த்த சங்கதி. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு, நாம் யார் கேட்க? உடையப்பன் சீசாவைக் கொண்டுபோய், சன்னாசி பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடையில் கவிழ்த்தான். ஒளித்து வைத்தால் அவருக்குத் துரோகம் செய்ததாகிவிடுமாம். மகா நியாயஸ்தன்!

நாலாம் நாள் முத்தம்மாவுக்கு வேப்பந்தண்ணி புகட்டிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு லூயிஸ் வந்து, அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றட்டுமா என்று கேட்டான். அதற்கும் தலையாட்டினான். இன்னொரு சாமிக்கு விளக்கெரியும் இடத்தில் முனி நிற்கமாட்டார் என்று சன்னாசி சீறினார். அணைத்துவிட்டால் லூயிஸ் முகத்தில் எப்படி விழிப்பது? உடையப்பன் அறைக்குக் குறுக்கே ஒரு கோணிச்சாக்கைத் தொங்கவிட்டான். இந்தப் பக்கம் முனி, அந்தப் பக்கம் அந்தோணியார். முத்தம்மாவின் தலை அந்தோணியாரிடம் இருந்தது, கால் முனியிடம்.

முனிக்கு வெறும் காலா என்று சன்னாசி கேட்டார். பாயைத் திருப்பிப் போட்டான். லூயிஸ் முகம் சுருங்கியது. மறுபடி திருப்பினான். சாயங்காலத்துக்குள் காய்ச்சல்காரி நாலு தடவை திரும்பிவிட்டாள். அவளுக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கண் விழித்து அவனைப் பார்த்து, “யாருய்யா நீ?” என்றாள்.

உடையப்பன் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பூட்டு தொங்கியது. திரும்பி வந்து சாக்கடையோரம் குந்தி, ஈர மண்ணைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான். கசப்பே இல்லை. ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று தலையிலடித்துக்கொண்டு அழுதான்.

பிறகு எழுந்து சன்னாசி வீட்டு வாசலில் நின்று, பிறந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினான்.

“பொய்யிண்ணே. ஒங்க வேப்பந்தண்ணி சுத்தப் பொய்.”

சன்னாசி பால் வெட்டப் போயிருந்தார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி செல்லாயி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகில் வந்தாள்.

“மெதுவாப் பேசு தம்பி, அவரு காதுக்குப் போயிரும். போன மாசம் அந்த வேப்பந்தண்ணியில மூணு வேளையும் கொய்னாவக் கலந்து குடுத்தது நான்தான். அவரு நம்பிக்கையக் கெடுப்பானேன்னு இன்னிக்கி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.”