கொண்டக்டரின் கை

வன்னியிலேயே இரண்டு விதத்திலும் கொண்டக்டராக இருந்த ஒரே மனிதர் எங்கள் கொண்டக்டர்தான். பகலில் முல்லைத்தீவு–வவுனியா பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பார். பின்னேரம் முள்ளியவளையில் எங்கள் இசைக்குழுவைக் கை வீசி நடத்துவார்; அதற்கும் பெயர் கொண்டக்டர்தான். இரண்டிடத்திலும் ஒரே அதட்டல்: "உள்ளுக்கு வாங்கோ, உள்ளுக்கு! இடம் கிடக்கு!"

யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர்களில் வாத்தியம் தெரிந்தவர்களைப் பஸ்ஸிலேயே பிடித்தார். தேவாலயத்தில் வயலின் வாசித்த மலர் ரீச்சர், பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில் ட்ரம்பெட் ஊதிய, இப்போது வீடு கட்டும் ஒரு மேசன், அரைகுறை வயலினோடு நான் என்று குழு வளர்ந்தது.

எங்கள் கச்சேரிக்கு மேடை கிடையாது. நடுவில் அவர் நிற்பார், சுற்றிவர நாங்கள். எங்களுக்கு இடையிடையே சனத்துக்குக் கதிரை. நாயாற்றுக் கச்சேரியில் ஒரு அம்மா என் வயலின் வில்லைத் தட்டிவிட்டு, "தம்பி, வயலின் வாசிக்கிறீரோ, என்ரை காது குடையிறீரோ?" என்றா. சனத்தை இப்படிக் குழுவுக்குள் இருத்துவதைக் கொழும்புப் பத்திரிகைக்காரர் ஒருவர் புரட்சி என்று எழுதினார்.

பத்திரிகையைக் கொண்டக்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார்.

"புரட்சியுமில்லை, ஒண்டுமில்லை. ஷெல் விழுந்து இடக்காது போச்சுது. நடுவிலை நிண்டால்தான் கேக்கும். சனமும் கிட்ட இருந்து கேக்கட்டன்."

அந்த ஷெல்லோடு, அவருக்கு இடப்பக்கத்தில் நின்ற மனைவியும் போய்விட்டா. அதை அவர் சொல்லவில்லை. மலர் ரீச்சர்தான் சொன்னா.

பிறகு வலக்காதும் மங்கியது. ஒட்டுசுட்டானில் இறங்கக் கத்தியவர்களை நெடுங்கேணியில் இறக்கிவிட்டார். வேலை போனது. எங்களிடம் மட்டும், "கேக்குது, கேக்குது, நீங்கள் வாசியுங்கோ" என்பார்.

போன வருடம் பள்ளிக்கூட மைதானத்தில் கச்சேரி. கடைசி உருப்படி முடிந்து வில்லை இறக்கிவிட்டோம். கொண்டக்டர் கண்ணை மூடியபடி இன்னும் கை வீசிக்கொண்டிருந்தார். ஒரு சத்தமும் இல்லை. கை மட்டும் அழகாக ஏறி இறங்கியது.

"முடிஞ்சுதெண்டு ஆர் அவருக்குச் சொல்லுறது?" என்றான் மேசன்.

மலர் ரீச்சர் வயலினைத் தோளில் வைத்தா. "ஒருத்தரும் சொல்ல வேண்டாம். முதலிலையிருந்து வாங்கோ."

திரும்ப வாசித்தோம். அவர் கண் திறந்து, எங்கள் வில்கள் ஓடுவதைப் பார்த்துச் சிரித்தார். சனத்தில் ஒருவரும் எழும்பவில்லை. உருப்படி மறுபடி முடிந்தது. அவர் கை முடியவில்லை. அந்தக் கையைப் பார்த்துப் பார்த்து, இல்லாத மிச்சத்தை நாங்களே உண்டாக்கி வாசித்தோம், கை தானாக இறங்கும்வரை.