அறை ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு?

அன்புள்ள சின்ன மச்சானுக்கு, உன் அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு நீயும் நீ எழுதும் தொலைக்காட்சித் தொடரும் நலமென்று நம்புகிறேன். தொடர் நலமாகத்தான் ஓடுகிறது, அதனால்தான் என் மானம் போகிறது.

போன வாரம் உன் இன்ஸ்பெக்டர் பிடிபட்ட தம்பியிடம், "உன்னை உன் அண்ணன் இருக்கிற அதே அறையில போடுறேன். ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டு சாவுங்க" என்றாரே, போடுவதற்கு அவர் யார்? சிறையில் சேர்க்கைப் பிரிவில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். போலீஸ் பிடிக்கும், கோர்ட் அனுப்பும், அதோடு சரி. உள்ளே யாருக்கு எந்த அறை என்பது சிறையின் முடிவு. முதல் முறை வந்தவன், பழைய ஆள், நோயாளி என்று பார்த்து நான் எழுதி வைப்பேன், கண்காணிப்பாளர் கையெழுத்துப் போடுவார். இன்னாருக்கும் இன்னாருக்கும் ஆகாது என்று போலீஸ் ஒரு குறிப்பு கொடுக்கலாம். கொடுத்தால் பிரித்து வைப்போமே தவிர சேர்த்து வைக்க மாட்டோம். நிஜ இன்ஸ்பெக்டர்கள் என் மேஜைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து, ஆளை ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கக் காத்திருப்பார்கள். ஒருவர் மட்டும், "இவனைக் கடைசி அறையில போடுங்க" என்று அதட்டினார். "எழுதிக் குடுங்க சார், மேலே கண்காணிப்பாளர்கிட்ட வைக்கிறேன்" என்றேன். அப்புறம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டதுகூட மெதுவாகத்தான்.

இதை உன் அக்காவிடம் விளக்கினால், "என் தம்பி விசாரிக்காமலா எழுதுவான்? அப்போ நீங்க அங்க இத்தனை வருஷம் என்னதான் பண்ணீங்க?" என்கிறாள். அடுத்த வீட்டுத் தையல்காரர், தன் அக்கா மகன் அடிதடி கேஸில் உள்ளே போனதும், ஜன்னல் பக்கமாக ஓர் அறை வேண்டுமென்று என்னைத் தாண்டிக்கொண்டு எதிர்வீட்டு ஏட்டிடம் போனார். ஏட்டும் உன் தொடரைப் பார்ப்பவர். "பாத்துக்கலாம்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, நேராக என்னிடம் வந்து, "சார், அதை யாருகிட்ட கேக்கணும்?" என்கிறார்.

ஆகாதவர்களைப் பிரித்து வைப்பதுதான் நல்லது என்பதற்கு நம் வீடே சாட்சி. உன் அண்ணன் நாலு பேர் நடுவில், "பொய் எழுதிப் பொழைக்கிறான்" என்று உன்னைச் சொன்னதிலிருந்து இரண்டு வருடமாக உங்களுக்குள் பேச்சு இல்லை. நீ வரும் வாரம் அவன் வராதபடியும், அவன் வரும் வாரம் நீ வராதபடியும் நான்தான் நாள் ஒதுக்குகிறேன். ஒரு சண்டை உண்டா? ஆனால் உன் அக்கா ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டை அதிகமாக எடுத்து வைத்துவிட்டு, மறுபடி உள்ளே கொண்டுபோகிறாள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. உன் தொடரில் அண்ணனும் தம்பியும் அந்த அறையில் மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்து, நாலாம் நாள் கட்டிக்கொண்டு அழுதபோது அவளும் அழுதாள். நடக்கவே நடக்காத விஷயத்துக்கு ஏன் அழுகிறாய் என்று கேட்டேன்.

ஆகவே அந்தக் காட்சியைத் திருத்திவிடு. இன்ஸ்பெக்டர் ரசீதை வாங்கிக்கொண்டு ஒழுங்காக வீட்டுக்குப் போகட்டும். அக்கா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெறுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விருந்து. நீ சனிக்கிழமையே வந்துவிடு. வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, நன்றாக இரு.

உன் பிரியமுள்ள
அத்தான்

பின்குறிப்பு: உனக்கு மாடி அறை. உன் அண்ணனுக்கும் அதே அறை. கட்டில் இரண்டு, மின்விசிறி ஒன்று. நீ வருவது அவனுக்குத் தெரியாது. உன் தொடரில் அந்த அறைக் காட்சி ஓடிய நாலு நாளும் அவன் அக்காவுக்குப் போன் போட்டு, "ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்களா?" என்று கேட்டது உனக்குத் தெரியாது. என் வேலைக்காலத்தில் ஒருநாளும் இப்படி விதியை மீறி அறை ஒதுக்கியதில்லை. மாற்றித் தர வேண்டுமென்றால் எழுதிக் கொடு, மேலே வைக்கிறேன். மேலே இருப்பது உன் அக்கா.