முடிச்சிரலாம் அண்ணாச்சியின் கண் ஆபரேஷன்

திருநெல்வேலிச் சீமையிலேயே, பின்புறத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் 'முடிச்சிரலாம்' அண்ணாச்சிதான்.

கல்யாணத் தரகர். பையன் தலையில் முடியே இல்லை என்றாலும் சரி, பெண் அமெரிக்க மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாலும் சரி, அவர் சொல்வது ஒன்றுதான்: "முடிச்சிரலாம்!" அதுவே பெயராகிவிட்டது. வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்தார்.

அவருக்குப் பவுத்திரம் வந்து, ஆசனவாய் ஓரத்தில் அறுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தவர் என் அப்பா. வீடு திரும்பியதும் அண்ணாச்சி எங்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திச் சத்தியம் வாங்கினார்.

"வெளிய தெரிஞ்சா என் தொழில் போச்சு. சபையில உக்காந்து பேசுதவனுக்கு அங்கனயா வரணும்? யாரு கேட்டாலும் கண்ணு ஆபரேஷன்னு சொல்லிருங்க."

எந்தக் கண் என்று கேட்டால் காலையில் வலது, மாலையில் இடது. தினமும் உப்புப் போட்ட வெந்நீரில் உட்காரும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் பேசின் ஒன்றை வாங்கிக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். எதிர்வீட்டு டீச்சர் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு கழுவவா அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய பேசின்?"

"ரெண்டு கண்ணுல்லா டீச்சர்!"

"சரி, ஆஸ்பத்திரி விட்டு வந்ததுல இருந்து உக்காராம நின்னுக்கிட்டே இருக்கியளே, ஏன்?"

"உக்காந்தா கண்ணு நரம்பு மடங்கிருமாம்."

அந்தப் பேசினில் இறங்கியதும் அவர் விடும் "யம்மா... சொர்க்கம்!" கீழே எங்கள் சமையலறை வரை கேட்கும். மற்ற நேரமெல்லாம் குப்புறப் படுத்துக்கொண்டு, செல்போனில் ஜாதகங்களை அனுப்பிக்கொண்டிருப்பார். அம்மா கொடுத்தனுப்பிய கீரையையும் மோர்ச்சோற்றையும் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "பொண்ணு வீட்டு பஜ்ஜியெல்லாம் என்னைய நெனச்சு அழுதுக்கிட்டிருக்கும்."

இதற்கு நடுவில்தான் என்னைப் பெண் பார்க்க ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்தார்கள். அண்ணாச்சி கொண்டுவந்த வரன். அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனவைதான், பதில் வரவில்லை. அம்மாவுக்கு இதையும் விட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

"நீங்க கீழ எறங்க வேண்டாம். படுத்திருங்க" என்றார் அப்பா.

"நம்ம பிள்ள காரியம். நான் இல்லாமயா?" என்று காலை அகட்டி அகட்டி, படிப்படியாக இறங்கி வந்துவிட்டார்.

வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றார். உள்ளே வந்தும் நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத் திருகிவிட்ட மீசை, அதைவிட முறுக்கான மரியாதை. "மூத்தவரு நீங்க நிக்கும்போது நாங்க எப்படி உக்கார?" என்றுவிட்டார். அவ்வளவுதான். நாற்காலிகள் காலியாகக் கிடக்க, கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்கள் மாதிரி மொத்தச் சபையும் நின்றது. மாப்பிள்ளையின் தாத்தா கைத்தடியோடு ஆடிக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் மெல்ல மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னது கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. "என்னமோ மறைக்காங்க. தரகர் உக்கார மாட்டேங்காரு, கண்ணையும் காட்ட மாட்டேங்காரு."

நான் கேசரித் தட்டோடு உள்ளே நுழைந்தேன். அதே நேரம் தாய்மாமன், "சும்மா உக்காருங்கங்கேன்!" என்று அண்ணாச்சியின் இரண்டு தோள்களையும் பிடித்து மர நாற்காலியில் அழுத்தினார்.

"யாத்தே!"

அண்ணாச்சி எகிறிய வேகத்தில் கறுப்புக் கண்ணாடி பறந்து வந்து என் கேசரியில் குத்திட்டு நின்றது.

"பொண்ணக் கண்டதும் தரகரே அலறுதாரு. சகுனம் சரியில்ல. எல்லாரும் எந்திரிங்க!" என்றார் தாய்மாமன். எழுந்திருக்க யாருமே உட்கார்ந்திருக்கவில்லை. அதனால் நேரே வாசலுக்குத் திரும்பினார்கள். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி ஓடிப்போய் வாசலை மறித்தார்.

"நில்லுங்க! எம் பிள்ளைய ஒரு சொல்லு சொல்லாதிய. கோளாறு எனக்கு. கண்ணு ஆபரேஷனும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பவுத்திரம்! கீழ அறுத்துப் பஞ்சு வச்சிருக்கு. இவரு என்னைய அதுமேலயே உக்கார வச்சுட்டாரு!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

முதலில் சிரித்தது நான்தான். அடக்க அடக்கத் தட்டு ஆடியது. மாப்பிள்ளை வந்து கேசரியிலிருந்து கண்ணாடியை எடுத்து, தன் கைக்குட்டையால் துடைத்து, இரண்டு கையாலும் அண்ணாச்சியிடம் நீட்டினார். "தெரியாமப் போச்சு அண்ணாச்சி. நீங்க நில்லுங்க. நாங்க உக்காந்துக்கிடுதோம்" என்றவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"இப்பமாது உக்காரலாமாலே?" என்று கேட்டபடியே தாத்தா நாற்காலியில் விழுந்தார்.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டுத்தான் போனார்கள்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நான் வெந்நீர் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். அண்ணாச்சி குப்புறப் படுத்துக் கிடந்தார்.

"ரொம்ப வலிக்கா அண்ணாச்சி? ஊருக்கே தெரிஞ்சு போச்சே."

"அது கெடக்கட்டும்" என்று தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். "மாப்ளைக்குச் சிரிச்சா கன்னத்துல குழி விழுது. பாத்தியா நீ?"

பார்த்திருந்தேன். ஆனாலும் பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். அவர் வாயால் அதை இன்னொரு தடவை கேட்க ஆசையாக இருந்தது.