சோளகம் மலைக்குப் போன கதை

மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்து, காற்றை ஒருநாள்கூடத் திட்டாத ஒரே மனுசி சோளகம்தான். மற்ற எல்லோரும் திட்டுவோம். வைகாசியில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பினால், அது அடங்கும்வரை எங்கள் வாயில் மணலும் வசவும் மாறி மாறி இருக்கும். சோற்றில் மணல், கட்டிலில் மணல், கலியாண வீட்டு வட்டிலப்பத்தில் மணல். நான் தலைத்துண்டை ஒரு கையாலும் சைக்கிளை மறு கையாலும் பிடித்துக்கொண்டு ரியூஷனுக்குப் போவேன். இரண்டில் ஒன்றுதான் ஒழுங்காக என்னோடு வந்து சேரும். அவள் மட்டும் ரியூஷன் கொட்டில் வாசலில் கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். கனடாவிலிருந்து வந்த மாமாவை வரவேற்பதுபோல ஒரு சிரிப்பு வேறு.

அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று உண்டு. அது பங்குச் சுவாமிக்கும் பரீட்சை அட்டைக்கும் மட்டும்தான் தேவைப்பட்டது. அவளுடைய ஊரான தாழ்வுபாட்டுப் பெண்பிள்ளைகளின் உதைபந்தாட்டக் குழுவுக்கு அவள்தான் கோல் காக்கும் கோலி. சோளகம் என்ற பெயர் அவளுக்கு வந்ததும் உதைபந்தாட்ட மைதானத்தில்தான்.

கோயில் பெருநாளையொட்டி ஒரு போட்டி. காற்று அன்று ஆட்களையே தள்ளிக்கொண்டு போகிறது. இவள் தன் கோலுக்கு முன்னால் பந்தை வைத்து, காற்றுக்கு எதிராக உயர அடித்தாள். பந்து போனது, நடுவானில் நின்று யோசித்தது, பிறகு திரும்பி வந்து அவளுடைய தலைக்கு மேலாலேயே அவளுடைய கோலுக்குள் விழுந்தது. சட்டப்படி அது கோல் இல்லை, கோர்னர்தான். நடுவரும் அதைத்தான் சொன்னார். இவள் விட்டால்தானே?

"அதென்னண்டு அண்ணை கோல் இல்லையெண்டுவியள்? எவ்வளவு வடிவா வந்து விழுந்தது!"

"பிள்ளை, அது உங்கட கோல். உங்களுக்குத்தான் நட்டம்."

"நட்டமெண்டாலும் நியாயம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ? அடிச்சது சோளகம். அதின்ர பேரில எழுதுங்கோ."

வாதாடி வாதாடி நடுவரைக் களைக்க வைத்து, தனக்கு எதிராகத் தானே ஒரு கோல் வாங்கிக் கொடுத்துவிட்டாள். ஒலிபெருக்கியில் இருந்த பெடியன் குறும்புக்காரன். "கோல் அடித்தவர், சோளகம்!" என்று அறிவித்தான். அன்றிலிருந்து பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுடைய குழுப் பிள்ளைகள் மட்டும் கன நாளைக்கு அவளோடு கதைக்கவில்லை.

ஆனால் கோலுக்கு நின்றாள் என்றால் பார்க்கவேண்டும். மற்றக் கோலிகள் பந்தைப் பார்ப்பார்கள். இவள் கரையில் காயும் வலையைப் பார்ப்பாள், தன் சட்டை விளிம்பைப் பார்ப்பாள், பந்து அடிபட முன்னமே எங்கேயோ சம்பந்தமில்லாத பக்கம் பாய்வாள். பந்து வளைந்து வந்து அவள் கையில் ஏறும். எதிர்க்குழுப் பிள்ளைகள் இவள் சூனியக்காரி என்று அழுதுகொண்டு போனதும் நடந்திருக்கிறது.

நான் மறிச்சுக்கட்டியிலிருந்து வந்து, மன்னார் டவுனில் சின்னம்மா முறையான சாச்சி வீட்டில் தங்கி ஏ.எல். உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். ரியூஷனில் அவளும் நானும் ஒரே வாங்கில்தான் இருப்போம். அவள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவாள். நான் மறிச்சுக்கட்டி. பௌதிகவியல் படிப்பிக்கும் சேரையும் ஒருமுறை "வங்காலை" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்தச் சேரின் பாடுதான் பெரும் பாடு. எறியப்பட்ட பந்து எங்கே விழும் என்ற கணக்குகளில் எல்லாம் 'வளித்தடையைப் புறக்கணிக்க' என்று ஒரு வரி இருக்கும். உலகத்துப் பிள்ளைகள் எல்லோரும் பேசாமல் புறக்கணித்துவிட்டுக் கணக்கைச் செய்வார்கள். இவள் எழும்பி நின்றாள்.

"எப்பிடி சேர் புறக்கணிக்கிறது?"

"எப்பிடியெண்டா? இல்லையெண்டு நினைக்கிறதுதான்."

"இப்ப மோட்டார்சைக்கிளில வரேக்க நீங்கள் புறக்கணிச்சனீங்களோ?"

சேரின் தலைமயிர் அந்த நேரம் மேலே நட்டுக்கொண்டு நின்றது. கொட்டில் முழுக்கச் சிரிப்பு. சேர் தலையைத் தடவி மயிரைப் படிய வைத்தார்.

"பிள்ளை, இது பேப்பரில எறியிற பந்து. தாழ்வுபாட்டில எறியிற பந்தில்லை."

"அப்ப எங்களுக்கு வேற பேப்பர் தரவேணும் சேர்."

மாதிரிப் பரீட்சையில் அந்தக் கணக்குக்குத் தன் சொந்தக் காற்றைச் சேர்த்து ஒன்றரைப் பக்கம் எழுதி, விடைக்குக் கீழே, 'இது ஆடி மாதத்துக்கு மட்டும். மார்கழியில் மாறும்' என்று குறிப்பும் போட்டிருந்தாள். சேர் முட்டை போட்டார். பிறகு கூப்பிட்டு, கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"உனக்கு மூளை இருக்குப் பிள்ளை. சோதனை எழுதேக்க மட்டும் காத்தை நிப்பாட்டிப் போட்டு எழுது. முடிய, திறந்து விடு."

இறுதிப் பரீட்சை முடிந்து வெளியே வந்தவளின் முகம் தொங்கிப்போய் இருந்தது. கடினமாக இருந்ததா என்று கேட்டேன்.

"இல்லையடி மறிச்சுக்கட்டி. முழுக்கப் பொய் எழுதிப்போட்டு வாறன்."

அந்தப் பொய்க்கு நல்ல மரியாதை கிடைத்தது. பெறுபேறு வந்தபோது, கண்டிப் பக்கம் மலையில் இருக்கும் பெரிய பல்கலைக்கழகக் கம்பசிலேயே பொறியியல் படிக்கக்கூடிய புள்ளி. தாழ்வுபாட்டில் அவளுடைய அம்மா கருவாடு போட்டு விற்கிறவர். நான் அவரை அன்ரி என்பேன். அன்ரி பரப்பிய மீனை அப்படியே காகத்துக்கு விட்டுவிட்டு, வீட்டுச் சட்டையோடு கோயிலுக்கு ஓடினார். பிள்ளை இஞ்சினியர் ஆனால் மடுத் திருத்தலத்துக்கு நடந்தே வருவேன் என்று மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டுத்தான் எழும்பினார். ஊரே வீட்டுக்கு வந்தது. சோளகம் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்து முடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க கிரவுண்ட் எப்பிடி?"

வினை அங்கேதான் தொடங்கியது. கிழக்குக் கரையில் இன்னொரு கம்பஸ் இருந்தது. பெயர் பெரிதில்லை, பொறியியலும் இல்லை, ஏதோ தொழினுட்பப் படிப்பு. ஆனால் கடலோரத்தில் மைதானம், நாள் முழுக்கக் காற்று, கோலி இல்லாமல் தவிக்கும் பெண்கள் குழு. ஒரு போட்டியில் இவளைக் கண்ட அந்தக் குழுத் தலைவி, "வாங்கோ, முதல் நாளே நீங்கள்தான் எங்கட கோலி" என்று போன் எடுத்துக்கொண்டே இருந்தாள். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது விருப்பத்தை வரிசைப்படுத்தவேண்டும். முதலாவது எது என்பதில் வீட்டில் யுத்தம்.

"மலைக் கம்பசில படிச்ச இஞ்சினியர் எண்டா கொழும்பிலயும் கதிரை போட்டு இருத்துவாங்கள், விசரி!"

"கதிரையில இருக்கவோ அம்மா நான் படிச்சனான்?"

"அப்ப பந்துக்குப் பின்னால ஓடவோ நான் கருவாடு காய வைச்சனான்?"

"கோலி ஓடுறேல்லை அம்மா. நிக்கிறதுதான்."

அன்ரி மகள் விளையாடி ஒருநாளும் பார்த்ததில்லை. போட்டி நடப்பது பின்னேரம், கருவாடு அள்ளுவதும் பின்னேரம். அதனால் பந்து என்பது அவருக்கு மகள் முழங்காலைக் கிழித்துக்கொண்டு வரும் ஒரு நோய், அவ்வளவுதான்.

எனக்கும் அன்ரி பக்கம்தான் நியாயம் தெரிந்தது. அதை அவளிடமே சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

"கோலுக்கு நிக்கேக்க மட்டும்தானடி என்ன செய்யவேணும் எண்டு எனக்கே தெரியும். மற்ற நேரமெல்லாம் ஆரும் சொல்லித்தான் செய்யிறன்."

அவள் பகிடி விடாமல் பேசியதை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. விண்ணப்பம் முடிய முன்னம் மலைக் கம்பசை நேரில் போய்ப் பார்ப்பது, பார்த்துவிட்டு முடிவெடுப்பது. எங்கள் குடும்பம் புத்தளத்தில் இருந்த காலத்தில் நான் பிடித்த சிங்களத்தை நம்பி, என்னையும் மொழிபெயர்ப்பாளராக இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்ரிக்குக் கம்பஸ் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. நூலகத்தின் கட்டிடத்தைக் கண்டதும் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். சோளகம் நேரே மைதானத்துக்குப் போனாள். நல்ல பச்சைப் புல். குனிந்து ஒரு பிடி கிள்ளி, தோள் உயரத்தில் பிடித்துக் கீழே விட்டாள். புல் நேரே கீழே, அவளுடைய காலிலேயே விழுந்தது. மறுபடி கிள்ளி விட்டாள். மறுபடியும் காலில்.

"மறிச்சுக்கட்டி, இஞ்ச பார். இந்த ஊரில காத்தே இல்லை."

அங்கே பயிற்சியில் இருந்த பெண்பிள்ளைகள் நல்லவர்கள். நான் கேட்டதும் இவளைக் கோலுக்கு நிற்க விட்டார்கள். முதல் பந்து வந்தது. இவள் வழக்கம்போல வளைவை எதிர்பார்த்து இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வளையவில்லை. அடித்த இடத்திலிருந்து நேரே வந்து, அவள் சற்று முன்னம் நின்ற இடத்தாலேயே உள்ளே போனது. இரண்டாவதும் அப்படித்தான். அதற்குப் பிறகு வந்தவையும் அப்படித்தான். இல்லாத காற்றுக்கு அவள் பாய்ந்துகொண்டே இருந்தாள். பதினெட்டு வருசமாகக் காற்றைப் பார்த்துப் பழகிய உடம்புக்கு நேரே வரும் பந்தைப் பிடிக்கத் தெரியவில்லை. பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி ஓடிவந்து, "மொகத நங்கி?" என்று, என்ன தங்கச்சி பிரச்சினை என்று அன்பாகத்தான் கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து அன்ரி நூலகத்திலிருந்து வந்து சேர்ந்தார். மகள் விளையாடி அவர் முதன்முதல் பார்க்கும் காட்சி, மகள் புல்லில் குப்புறக் கிடக்க, சுற்றி நின்று சிரிக்கும் பிள்ளைகள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கினார்.

"எடியே, என்ர பிள்ளையைப் பார்த்தோ சிரிக்கிறியள்? தெம்பு இருந்தா தாழ்வுபாட்டுக்கு வாங்கோ! சோளகத்துக்கு முன்னால ஒண்டு அடிச்சுக் காட்டுங்கோ பாப்பம்! பாவாடையோட பறப்பியள்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மொழிபெயர்த்தேன்: அம்மா உங்கள் எல்லோரையும் மன்னாருக்கு வரச்சொல்லி அன்போடு அழைக்கிறார். அங்கே காற்று நன்றாக இருக்குமாம். பிள்ளைகள் நெகிழ்ந்துபோய் அன்ரிக்கு நன்றி சொல்லி, குடிக்கத் தோடம்பழச் சாறும் கொடுத்தார்கள். அன்ரி முறைத்தபடியே குடித்து முடித்தார்.

திரும்ப பஸ் ஏறினோம். மதவாச்சி தாண்டியதும் அன்ரி மகளிடம் தொடங்கினார்.

"வேண்டாம் பிள்ளை. அங்க போகாத. கிழக்குக்கே போ."

"மாதாவுக்கு நேர்த்தி வைச்சனீங்களெல்லோ?"

"மாதாவோட நான் கதைக்கிறன். அவவும் ஒரு தாய்தானே. நீ விழுந்து கிடந்ததை என்னால பாக்கேலாமப் போச்சுது."

சோளகம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இல்லை அம்மா. நான் மலைக்குத்தான் போறன்."

"உனக்கென்ன விசரே? அங்க காத்தே இல்லை!"

"அதுக்குத்தான் போறன். இவ்வளவு நாளும் பந்தைப் பிடிச்சது நானோ, காத்தோ எண்டு எனக்குத் தெரியவேணும்."

இப்போது இருவரும் கட்சி மாறிச் சண்டை பிடித்தார்கள். கிழக்குக்குப் போ என்று அன்ரி அழுகிறார், பொறியியல்தான் படிப்பேன் என்று மகள் கத்துகிறாள். கொண்டக்டர் என்னிடம் வந்து, "தங்கச்சி, இதில படிக்க விடாதது ஆர்?" என்று கேட்டார். நான் இரண்டு பேரையும் காட்டினேன்.

அவள் சொன்னபடியே போனாள். அன்ரி பரந்தன் பக்கத்துச் சொந்தக்காரர் வரைக்கும் போன் எடுத்து அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் இஞ்சினியர் ஆகும்வரை பொறுக்காமல் மடுவுக்கு நடந்தார். இம்முறை நேர்த்தி வேறு: பிள்ளைக்கு ஒரு பந்தாவது பிடிபடவேண்டும்.

மலையில் முதல் வருசம் முழுக்க அவளை மைதானக் கரையில்தான் இருத்தினார்கள். பயிற்சியில் பந்து போகும், இவள் வேறு பக்கம் போவாள். 'இண்டைக்கும் விட்டிட்டன்' என்று எனக்குச் செய்தி வரும். படிப்பில் குறையில்லை, அங்கே கணக்கில் மட்டுமல்ல, வெளியிலும் வளித்தடையைப் புறக்கணிக்கலாம் என்று எழுதியிருந்தாள். ஆடி மாதத்தில் ஒருநாள் போன் எடுத்து, வேறொன்றும் கதைக்காமல், "போனை வெளியில பிடி" என்றாள். நான் நடுத்தெருவில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் அவள் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாச்சி எட்டிப் பார்த்து, "ஆரோடடி கதைக்கிறாய்?" என்றார். நான் கதைக்கவில்லை, காற்றுத்தான் கதைக்கிறது என்று சொன்னால் பேய் பிடித்திருக்கிறதென்று ஓதிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார் என்ற பயத்தில், சிக்னல் தேடுகிறேன் என்றேன்.

போன கிழமை அவளுடைய கம்பசில் பொறியியல், மருத்துவம் என்று பீடங்களுக்கிடையில் போட்டி. வழமையான கோலிக்குக் காய்ச்சல் என்று இவளை இறக்கினார்கள். அன்ரி கருவாட்டுப் பார்சலோடு போய் முன்வரிசையில் இருந்திருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் கந்தோரில் கோப்புகளுக்கு நடுவில் இருந்தபோது போன் வந்தது.

"தோத்திட்டமடி. நாலு விட்டிட்டன்."

"சரி விடு. அடுத்தமுறை பாப்பம்."

"பொறு, சொல்லி முடிக்க விடு. ஒண்டு பிடிச்சனான். நேர வந்தது, நானும் நேர நிண்டனான், கையில ஏறிச்சுது. காத்து இல்லை, ஒண்டும் இல்லை. நான்தான் பிடிச்சது."

பின்னால் அன்ரி யாரிடமோ, எந்த மொழியில் என்று தெரியவில்லை, அது தன் பிள்ளை என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. சோளகம் அந்த ஒரு பந்தைப் பற்றித் தொடங்கினாள். எங்கிருந்து வந்தது, யார் அடித்தது, எந்த விரலில் முதலில் பட்டது என்று சொல்லி முடிந்ததும் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். மேசையில் வேலை குவிந்து கிடந்தது, மேலதிகாரி இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் போனை வைக்க மனம் வரவில்லை.